சென்னையின் பெயர், மும்பையின் மைதானம்: ரக்பி லீக் நடத்துவோருக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

ரக்பி பிரீமியர் லீக்கை நடத்துவோருக்கும், சென்னை புல்ஸ் அணியின் நிர்வாகத்தினருக்கும்,

2025 ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை, மும்பை அந்தேரியில் உங்கள் முதல் லீக்கின் இறுதி ஆட்டம் நடந்தது. சென்னை அணி டெல்லி ரெட்ஸ் அணியை 41-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. வாழ்த்துச் செய்திகள் உங்களுக்கு நிறைய வந்திருக்கும். இது அந்த வகை மடல் அல்ல. சென்னையின் பெயரைத் தாங்கிய அணி சாம்பியன் ஆகிவிட்டது. ஆனால் இந்த லீக்கில் அது ஒரு நிமிடம்கூடத் தமிழ்நாட்டு மண்ணில் ஆடவில்லை. ஆறு அணி, 15 நாள், 34 ஆட்டம், எல்லாம் ஒரே ஊரில், ஒரே மைதானத்தில். ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் கலிங்கத்துக்கும் இதே குறை உண்டு. அதை அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். நான் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் ரக்பி ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.

முதல் ஆண்டு, செலவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், வெளிநாட்டு வீரர்களை ஊர் ஊராக அலைக்கழிக்க முடியாது என்று நீங்கள் சொல்லக்கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அணிக்கு 13 பேர், அவர்களில் இந்தியர் ஐந்தே பேர். மற்றவர்களுக்கு விமானம், விடுதி, பிசியோ எல்லாம் பணம்தான். ஆனால் நீங்கள் நடத்தியது களத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் எழுவர் ரக்பி. நான்கு நிமிடத்துக்கு ஒரு பகுதி, நான்கு பகுதி சேர்ந்து 16 நிமிடம், ஓர் ஆட்டம் முடிந்தது. ஐந்து நாள் டெஸ்ட் போட்டியை இடம் மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மாலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் போதும். ஆட்டங்களை நடத்திவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடலாம். உலக அளவிலான எழுவர் தொடரே அப்படித்தான் நடக்கிறது. துபாயில் ஒரு வார இறுதி, கேப் டவுனில் ஒன்று, ஹாங்காங்கில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. கண்டம் விட்டுக் கண்டம் போகிற விளையாட்டு, மும்பையிலிருந்து தெற்கே வர மட்டும் திணறுகிறது.

உங்கள் இறுதி ஆட்டம் முடிந்து சரியாக ஒரு வாரத்தில், ஜூலை 6 அன்று, தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் நடந்தது. மதுரையில் நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மைதானத்து வாசலில் இறங்கலாம். கோவை, சேலம், திருநெல்வேலி, நத்தம் என்று அந்த லீக் நான்கு ஊருக்குப் போனது. கிரிக்கெட்டுக்கு இங்கே விளம்பரமே தேவையில்லை. தெருவுக்குத் தெரு ஆடுகிறார்கள். அப்படிப்பட்ட விளையாட்டே மக்களைத் தேடிப் போகிறது. ஆள் பிடிக்க வேண்டிய நிலையில் இருக்கிற ரக்பி அந்தேரியை விட்டு நகரவில்லை. காளையைப் பெயரில் வைத்திருக்கிற அணி, அலங்காநல்லூரும் பாலமேடும் அவனியாபுரமும் இருக்கிற மாவட்டத்தை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம் என்று எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் சொன்னார். அவருக்கு ரக்பி விதி ஒன்றும் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்.

இறுதி ஆட்டத்தைப் பிள்ளைகள் என் வீட்டில்தான் பார்த்தார்கள். ஆங்கில வர்ணனையை நான் பாதி சொல்லி, பாதி விட்டு, ஒப்பேற்றினேன். புள்ளி ஏற ஏறக் கூச்சல் கூரையைப் பிய்த்தது. எல்லாம் முடிந்து, பரிசளிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், சென்னை அணி சென்னையில் எப்போது விளையாடும்?" நான் என்ன பதில் சொல்வது? அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் திருப்பி விடுகிறேன்.

எங்கள் பக்கம் ரக்பி கபடி வழியாக வந்தது. மாட்டையே பிடிக்கிற ஊர்ப் பிள்ளைகள் மனிதனைப் பிடிக்க மாட்டார்களா என்று விளையாட்டு விழாக்களில் பேசுவோர் உண்டு. கைதட்டல் வாங்கித் தரும் பேச்சு. மைதானத்தில் ஒன்றுக்கும் ஆகாது. கபடியில் ரெய்டு வருபவரைத் தோளால் மோதி எல்லைக் கோட்டுக்கு வெளியே தள்ளுவது அருமையான ஆட்டம். ரக்பியில் கையைச் சுற்றிக் கட்டாமல் தோளால் மட்டும் மோதினால் பெனால்டி. தோளுக்கு மேலே கை போனால் அட்டையே வரலாம். கபடியில் காலைப் பிடித்தவர் விசில் ஊதும்வரை விடக் கூடாது. ரக்பியில் ஆளைச் சாய்த்த அடுத்த கணம் விட்டுவிட்டு விலக வேண்டும். எங்கள் பிள்ளைகள் பிடித்த காலை விடவே மாட்டார்கள். சின்ன வயதிலிருந்து அதற்குத்தான் பாராட்டு வாங்கியிருக்கிறார்கள், பிறகு எப்படி விடுவார்கள்? பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும் என்பதை இரண்டு வாரத்தில் பழகிவிட்டார்கள். இந்த விடுகிற பழக்கம் மாதக்கணக்கில் இழுத்தது.

ஆனால் ஒன்றை மட்டும் நான் சொல்லித் தரவே இல்லை. நாலு பேர் மேலே கிடக்கும்போது ரெய்டர் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொடப் பார்ப்பாரே, அந்த நீட்டல்தான் ரக்பியில் ட்ரை, அதாவது எதிரணிக் கோட்டில் பந்தைத் தரையில் அழுத்திப் புள்ளி எடுப்பது. ட்ரை கோட்டின் மேலேயே பந்தை அழுத்தினாலும் ஐந்து புள்ளி. எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை இரண்டு பேர் இடுப்பைக் கட்டிச் சாய்க்கிறார்கள். முழங்கை மண்ணில் தேய விழுகிறாள். விழுந்த வேகத்திலேயே ஒற்றைக் கையில் பந்தை முன்னே கொண்டுபோய்ச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் வைத்து அழுத்துகிறாள். புழுதி அடங்குவதற்குள் "கோடு டீச்சர், கோடு!" என்று அவள் அணியே கத்துகிறது. பந்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது. எங்களுக்கு அதுதான் வீடியோ நடுவர். இந்தத் திறமை இங்கே கிடக்கிறது. இதற்கு மேலே கற்றுத்தர வேண்டியதற்குத்தான் ஆள் இல்லை.

ஆடுகளம் என்று நான் சொல்வது கண்மாய்க்குள் ஓர் ஓரம். பள்ளி மைதானம் கைப்பந்துக்கும் கோ-கோவுக்குமே போதாது. கோடை தொடங்கியதும் கண்மாயில் சீமைக் கருவேல முள்ளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, மூன்று மீட்டர் உயரத்தில் குறுக்கே ஒரு மூங்கிலைக் கயிற்றால் கட்டிக் கோல் செய்துகொள்கிறோம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் மைதானம் மூழ்கிவிடும். ஊருக்கு நல்லது, எங்களுக்கு விடுமுறை. பந்துகளில் பழையதன் மேல்புறத்துப் புள்ளிகள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன. வியர்வைக் கையில் நிற்காது. காற்று இறங்கியபோது பஞ்சர் கடையில் ஒட்டுப் போட்டோம். கடைக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். இப்படியொரு பந்தை அவர் அதுவரை பார்த்ததில்லையாம்.

இரக்கப்படச் சொல்லி இதையெல்லாம் எழுதவில்லை. கண்மாயில் ஓடிப் பழகுவதில் ஒரு குறையும் இல்லை. எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு.

வீரர் தேர்வு ஒன்று சென்னையில் நடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வியாழக்கிழமை இரவு வந்தது. தேர்வு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. நடத்தியவர்கள் யார் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் நானும் அரசு பஸ்ஸில் மாட்டுத்தாவணியில் ஏறினோம். கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து மாநகரப் பஸ் மாறி, மைதானம் போய்ச் சேர்ந்தபோது எட்டரை மணி. பெயர்ப் பதிவு முடிந்துவிட்டது என்றார்கள். மேசையில் இருந்தவரிடம் மன்றாடினேன். அவர் நல்ல மனிதர்தான். மேலே கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தார். அந்தப் பெண் எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தாள். அவர்களில் பாதிப் பேரை அவள் ஓட்டத்தில் தாண்டியிருப்பாள். இது என் சொந்தக் கணிப்பு, ஆசிரியர்களுக்கே உரிய மிகையும் அதில் இருக்கலாம். ஆனால் ஓடவிட்டுப் பார்க்காமல் அதை யாரும் மறுக்க முடியாது அல்லவா?

இன்னொன்று. வெளிமாவட்டத்தில் நடந்த ஓர் அழைப்புப் போட்டியில் எங்கள் மாணவி ஒருத்தியின் தலை எதிரணிப் பெண்ணின் முழங்காலில் மோதியது. எழுந்தாள், "ஒன்றும் இல்லை டீச்சர்" என்றாள். கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. நான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து உட்காரவைத்தேன். தண்ணீர் தெளித்தால் சரியாகிவிடும், அணியில் ஆள் குறைகிறதே என்று நடத்தியவர்களில் ஒருவர் சொன்னார். மைதானத்தில் மருத்துவர் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில்தான் மருத்துவமனைக்குப் போனோம். தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தாலே உடனே வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது என்பது உலக ரக்பி அமைப்பு பள்ளி ஆட்டங்களுக்கும் வகுத்திருக்கிற முறை. அதைத் தெரிந்துகொள்ள இணையத்தில் இலவசப் பாடமே வைத்திருக்கிறார்கள். உங்கள் லீக்கில் மோதல் நடந்தால் பக்கத்தில் மருத்துவர் நிற்கிறார். அதே மோதல்தான் எங்கள் கண்மாயிலும் நடக்கிறது. ரக்பியைத் தொலைக்காட்சியில் காட்டிப் பிள்ளைகளுக்கு ஆசையை ஊட்டுகிறவர்களுக்கு, அதைப் பாதுகாப்பாக ஆடச் சொல்லித் தரும் பொறுப்பும் உண்டு. எங்காவது ஒரு பிள்ளைக்குப் பெரிதாக ஏதாவது ஆகிவிட்டால் இந்த மாவட்டத்தில் எந்தப் பெற்றோரும் அப்புறம் ரக்பி பந்தைத் தொட விடமாட்டார்கள்.

நான் பெண் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம், உங்கள் லீக்கின் முதல் பருவத்தில் பெண்களே இல்லை. 2019-ல் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றார்களே, பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்களின் முதல் சர்வதேச வெற்றி அது. அந்தப் படத்தை எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து ஆட வந்தவர்கள் ஆறு அணிப் பட்டியலிலும் தங்களைப் போன்ற ஒரு பெயரைத் தேடினார்கள்.

ரக்பிக்கு இந்தியாவில் ஒரு பழைய கதை உண்டு. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ரக்பி கிளப் 1878-ல் கலைந்தது. வங்கியில் மிஞ்சியிருந்த வெள்ளி ரூபாய் 270-ஐ உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடியும் யானையும் வைத்து ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879-லிருந்து இன்றுவரை அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் மோதுகின்றன. கோப்பை போனதில் எனக்கு வருத்தமில்லை. கிளப்புக்கு வெளியே ஒரு பள்ளிக்கு, ஒரு தெருவுக்கு அந்த ஆட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போகவில்லையே என்பதுதான் ஆதங்கம். பிஜியைப் பாருங்கள். நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் சந்ததியும் வாழ்கிற தீவு. மக்கள்தொகை பத்து லட்சம்கூட இல்லை. மதுரை மாவட்டத்திலோ 2011 கணக்குப்படியே 30 லட்சத்துக்கு மேல். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது பிஜி பிரிட்டனை 43-7 என்று நொறுக்கித் தங்கம் வாங்கியது. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். அங்கே ஊர்ப் பொட்டல்தோறும் ரக்பி ஆடுகிறார்கள். பொட்டலுக்கு மதுரையில் பஞ்சமா?

இனி, என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த பருவத்தில் சென்னை அணி ஆடும் ஒரு வார இறுதியாவது தமிழ்நாட்டில் நடக்க வேண்டும். இறுதி ஆட்டத்தையே கொண்டு வந்தால் மகிழ்ச்சி. அதற்கு நாள் ஆகும் என்றால் லீக் ஆட்டங்களிலிருந்து தொடங்குங்கள். அதை மதுரையில் நடத்தச் சொல்லிக் கேட்கிறேன். ரேஸ்கோர்ஸ் டாக்டர் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கை உங்கள் ஆட்களை அனுப்பி அளந்து பாருங்கள். விதிப்படி ஆடுகளம் 94 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் இருந்தால் போதும், இரு முனையிலும் ட்ரை வைக்கிற இன்-கோல் பகுதி ஆறு ஆறு மீட்டர். இடம் போதாது என்றால் எத்தனை மீட்டர் குறைகிறது என்று எழுதி அனுப்புங்கள். மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கதவை நாங்கள் தட்டுகிறோம். 2025 இறுதியில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கியைச் சென்னையோடு சேர்ந்து நடத்தத் தேர்வான ஊர் இது. விருந்தாளியை எங்கே தங்க வைப்பது என்று எங்களுக்குத் தெரியும். சீருடையில் வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கும் கூட வருகிற ஆசிரியருக்கும் டிக்கெட் கேட்காதீர்கள். தமிழ் வர்ணனை வையுங்கள். ஆட்டத்தின் விதி தெரிந்தவராகப் பார்த்து வையுங்கள்.

சென்னை அணியின் இந்திய வீரர்கள் ஐவரில் தமிழ்நாட்டு மைதானங்களில் வளர்ந்தவர்கள் எத்தனை பேர்? எண்ணைப் பொதுவில் சொல்லுங்கள். அது எதுவாக இருந்தாலும், அடுத்த ஆண்டு ஒன்று கூடியிருக்க வேண்டும் என்று கேட்பதற்கு எங்களுக்கு ஓர் அடிப்படை கிடைக்கும்.

அதற்கு வழி தேர்வு. மதுரையில் ஒரு தேர்வு நடத்துங்கள், சிவகங்கை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், ராமநாதபுரம் பிள்ளைகளும் காலையில் புறப்பட்டு வந்து சேரும்படி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே நாளில். மூன்று வாரத்துக்கு முன்பே தமிழில் அறிவிப்பு வர வேண்டும். மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் வழியாகப் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கையாக வர வேண்டும், கைபேசிப் படமாக அல்ல. பதிவு பத்து மணிவரை திறந்திருக்க வேண்டும். முதல் பஸ் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதைத் தெரிந்துகொண்டு நேரம் வையுங்கள். தேறாத பிள்ளைக்கு ஏன் தேறவில்லை என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அதை வைத்துக்கொண்டு நான் ஓர் ஆண்டு வேலை பார்ப்பேன்.

அதே நாட்களில் இந்தப் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு வையுங்கள்: ஆளைப் பிடித்துச் சாய்க்கிற டாக்கிளைச் சொல்லித் தரும் முறை, தலையில் அடிபட்டால் செய்ய வேண்டியது, நடுவர் பயிற்சி. வெளிநாட்டு நட்சத்திரம் யாரும் வர வேண்டாம். கபடிப் பிள்ளைகளைப் பயிற்றுவித்துப் பழகிய ஓர் இந்தியப் பயிற்சியாளர் வந்தால் போதும். வரும்போது பத்து வயதிலிருந்து பதினான்கு வயதுவரைக்கான நான்காம் அளவுப் பந்துகளையும் பல் காப்புகளையும் கொண்டு வாருங்கள். ஐந்தாம் அளவுப் பந்து சின்னக் கையில் அடங்குவதில்லை. பெண்களுக்கான லீக் எந்த ஆண்டு தொடங்கும் என்பதையும் அந்த நாளிலேயே பிள்ளைகள் முன்னால் அறிவித்துவிடுங்கள்.

பதிலை எழுத்தில், தமிழில் அனுப்புங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்ற வரி வேண்டாம். எங்கள் அறிவிப்புப் பலகையில் இடம் குறைவு. காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் நாட்களில் பிள்ளைகளை நான் மதுரைக்கு அழைத்து வர முடியும். தேதியையும் மைதானத்தையும் ஆகஸ்ட் கடைசிக்குள் சொல்லிவிட்டால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க எனக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.
ஜூலை 2025